ஏறி இறங்கிப் பார்த்து வாங்க வேண்டிய வண்டி

மிதிவண்டி வாங்க ஒருவர் கடைக்குள் நுழைந்ததும் அவர் முன் அடுக்கப்படுபவை கியர்களின் எண்ணிக்கை, டயரின் தடிமன், முன்பக்கச் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் ஆகிய விவரங்கள். பெரியவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தும், வாங்குவோருக்குத் துணையாகப் போயும் வந்த ஆண்டுகளில், ஆசையாக வாங்கிய வண்டியை ஆறே மாதத்தில் மூலையில் சாத்திவிட்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். வண்டி வேகமாகப் போகவில்லை என்று அவர்களில் யாரும் என்னிடம் குறைசொன்னதில்லை. ஏறும்போது கால் மாட்டிக்கொண்டது, சிக்னலில் நின்றபோது கால் தரையில் எட்டவில்லை, மேட்டில் நிறுத்திய வண்டியை மறுபடி கிளப்ப முடியவில்லை, பிரேக்குக்கு விரல் எட்டவில்லை என்று அவர்கள் சொன்னவை அனைத்தும் வண்டி நிற்கும் நேரத்தையும் நிற்கப்போகும் நேரத்தையும் பற்றியவை. ஆகவே ஏறுவது, இறங்குவது, நிற்பது, மீண்டும் கிளம்புவது ஆகிய நான்கையும் அளவுகோலாகக் கொண்டு இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். பந்தயத்துக்கோ மலைப்பாதைக்கோ வண்டி தேடுவோருக்கு இந்த அளவுகோல் பொருந்தாது; அன்றாடம் ஐந்து, பத்து கிலோமீட்டர் போய்வர வேண்டியவர்களை, அவர்களிலும் தமக்கு மிதிவண்டி ஒத்துவராது என்று ஒதுங்கி நிற்பவர்களை, மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

சட்டகத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' மிதிவண்டி, பெரிதும் வேறுபடாத இரண்டு சக்கரங்களையும் பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினையும் கொண்டு, ஆளுயரச் சக்கரத்தின் மேல் அமர்ந்து ஓட்டும் ஆபத்தான வண்டிகளை வழக்கொழியச் செய்தது. அதையடுத்துச் சில ஆண்டுகளில் நிலைபெற்ற வைர வடிவச் சட்டகம், அதாவது இரண்டு முக்கோணங்களை ஒட்டவைத்தது போன்ற அமைப்பு, இன்றுவரை பெரிதாக மாறவில்லை. முக்கோணம் எளிதில் நெளியாது என்பதால் மெல்லிய குழாய்களைக் கொண்டே உறுதியான, எடை குறைந்த வண்டியைச் செய்ய முடிகிறது. அந்த உறுதியைத் தருகிற மேல் குழாயைத்தான் நாம் 'பார்' என்கிறோம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் காலைத் தூக்கி வீச வேண்டியிருப்பதற்கும் அதுவே காரணம். பெரியவர் வண்டியின் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துக் கற்றவர்களுக்கு, வண்டிக்கேற்ப உடலை வளைப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பத்து வயதில் அது சாகசமாக இருந்திருக்கலாம். ஐம்பத்தைந்து வயதில் இடுப்பு மூட்டு வலியோடு அதைத் தினமும் எட்டு முறை செய்யச் சொல்வது நியாயமில்லை.

இதற்கு மாற்று, மேல் குழாய் தாழ்ந்து இறங்கியோ அறவே இல்லாமலோ இருக்கும் தாழ்சட்டகம். இதற்கு 'லேடீஸ் சைக்கிள்' என்று பெயர் வைத்ததைப் போல மிதிவண்டி உலகுக்குத் தீங்கு செய்த பெயரிடல் வேறில்லை என்றே நினைக்கிறேன். நீண்ட பாவாடை அணிந்த பெண்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது வந்தது உண்மைதான். அக்காலத்தில் முக்கோணத்தை உடைத்ததால் குறைந்த உறுதியை, கனமான குழாய்களைச் சேர்த்து ஈடுகட்டினார்கள். செயின் கவரும் உடை காக்கும் வலையும் சேர்ந்து வண்டி மேலும் கனத்தது. 1894இல் பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றிவரக் கிளம்பிய ஆனி லண்டன்டெரி, 42 பவுண்டு எடையுள்ள பெண்கள் வண்டியில் தொடங்கி, சிகாகோவில் அதைக் கைவிட்டு 21 பவுண்டு எடையுள்ள ஆண்கள் வண்டிக்கு மாறினார். அதில் ஏறி ஓட்டப் பாவாடையையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. தாழ்சட்டகம் என்றால் கனம், மந்தம், பெண்களுக்கானது என்ற எண்ணத்துக்கு அன்று காரணம் இருந்தது. இன்று பருத்த அலுமினியக் கீழ்க்குழாயை வைத்துச் செய்யும்போது இரு சட்டகங்களுக்கும் எடையில் மிகச் சிறிய வேறுபாடே இருக்கிறது. எஞ்சியிருக்கும் உண்மையான குறை ஒன்றுதான்: பின் கேரியரில் அதிகச் சுமையை ஏற்றி வேகமாக இறங்கினால், தரம் குறைந்த தாழ்சட்டகம் லேசாக முறுக்கிக்கொண்டு ஆடும்.

ஆனால் அதே கேரியர்தான் தாழ்சட்டகத்துக்கு வலுவான சான்றாகவும் இருக்கிறது. பின்னால் குழந்தை இருக்கையையோ உயரமான மூட்டையையோ வைத்துவிட்டால், எத்தனை சுறுசுறுப்பானவரானாலும் பின்பக்கமாகக் காலை வீசி ஏற முடியாது. பாரைத் தாண்டி முன்பக்கமாகக் காலை மடக்கித்தான் ஏற வேண்டும், அந்த ஒரு நொடியில் வண்டி சாய்ந்தால் முதலில் விழுவது குழந்தை. முழங்கால் மடங்காதவர், கர்ப்பிணி, தொளதொளப்பான உடை அணிபவர், ஒரு கால் மட்டும் பலமுள்ளவர், இருபது தடவை இறங்கி ஏறிப் பொருள் கொடுத்துவரும் வேலைக்காரர் ஆகிய எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்றைப் பாதிப் பேருக்கானது என்று பெயரிட்டு ஒதுக்கியதால், பல ஆண்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு பார் வைத்த வண்டியையே வாங்குகிறார்கள். அன்றாடப் பயணத்துக்கு வாங்குபவர் வேறு காரணம் இல்லாதவரை தாழ்சட்டகத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் முடிவு. பார் வைத்த வண்டியை வாங்குவதற்குத்தான் காரணம் தேட வேண்டும். நீண்ட தூரம் குனிந்து ஓட்டுவது, வண்டியைத் தோளில் தூக்கி மாடி ஏறுவது போன்றவை அத்தகைய காரணங்கள்.

சீட்டின் உயரத்தில் எல்லோரும் ஒரு முரண்பாட்டைச் சந்திக்கிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராகும் அளவுக்குச் சீட் உயர்ந்திருந்தால்தான் முழங்கால் தேயாமல் ஓட்ட முடியும். அந்த உயரத்தில் உட்கார்ந்தபடியே பாதம் முழுவதையும் தரையில் ஊன்ற முடியாது. பழகியவர்கள் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் வழுக்கி இறங்கிவிடுகிறார்கள். பழகாதவர்கள் பயந்து சீட்டைத் தாழ்த்திக்கொண்டு, முழங்கால் மார்பில் இடிக்க மிதித்து, ஒரு வாரத்தில் கால் வலிக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். இதற்கென்றே பெடலைச் சற்று முன்னால் தள்ளி அமைத்த வண்டிகள் உள்ளன. அவற்றில் கால் முன்னோக்கி நீளுவதால், உட்கார்ந்தபடியே இரு பாதங்களையும் ஊன்றவும் முடியும், கால் நன்றாக நீளவும் செய்யும். எழுந்து நின்று மிதிப்பது இவற்றில் கடினம் என்பதால் மேடுகள் நிறைந்த வழிக்கு இவை ஏற்றவையல்ல. விழுந்துவிடுவோம் என்ற பயமே முதல் தடையாக இருப்பவருக்குச் சமதளத்தில் இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது.

உயரம் குறைந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் 37-622 என்பது போல அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 622 சக்கரத்தைச் சிறிய சட்டகத்தில் மாட்டினால், மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் ஓட்டுபவரின் கால்விரலில் உரசும். கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் இது நடக்கும். 584 அல்லது 559 சக்கரம் உள்ள வண்டியில் அந்த இடைஞ்சல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கின் நீளமும் அப்படித்தான். பெரும்பாலான வண்டிகளில் அது 170 மில்லிமீட்டர் அளவில் வருகிறது. 150 முதல் 160 வரையுள்ள கிராங்கை மாட்டினால் பெடல் மேலே வரும்போது முழங்கால் மடங்க வேண்டிய அளவு குறையும். மூட்டுத் தேய்மானம் உள்ள ஒருவருக்குப் புதிய வண்டி தேவைப்படாமல், கிராங்கை மாற்றியதே போதுமானதாக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

கியர்களில் இரண்டு வகைகளை ஒப்பிட்டால் போதும். செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வெளிக்கியர் எடை குறைந்தது, எங்கும் பழுதுபார்க்கக் கூடியது. ஆனால் பெடல் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கியர் மாறும். கனமான கியரில் ஓட்டிவந்து திடீரென்று நின்றுவிட்டால், அதே கனமான கியரில்தான் மறுபடி கிளம்ப வேண்டும். புதியவர்கள் சந்திப்புகளில் தள்ளாடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் அடங்கிய கியர், நின்றுகொண்டிருக்கும்போதே மாறும். ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் பரவலான மூன்று கியர் ஹப்பின் வீச்சு 177 சதவீதம், அதாவது மிகக் கனமான கியர் மிக லேசானதைப் போல 1.77 மடங்கு. ஷிமானோ நெக்ஸஸ் வகையில் ஏழு கியர் ஹப்புக்கு 244 சதவீதமும் எட்டு கியர் ஹப்புக்கு 307 சதவீதமும் உண்டு. மிதமான மேடுகளுக்கு இது தாராளம். ஹப் கியரில் செயினை முழுக்க மூடிவிடலாம் என்பதால் உடையும் சிக்காது. பின்சக்கரம் பஞ்சரானால் கழற்றி மாட்டுவது சற்றுத் தொல்லை. இருபத்தொரு கியர் என்று விளம்பரப்படுத்தும் வண்டியைவிட, ஏழு கியர் ஹப் உள்ள வண்டி அன்றாட ஓட்டத்துக்கு மேலானது என்று உறுதியாகச் சொல்வேன்.

பிரேக் என்றதும் டிஸ்க்கா ரிம்மா என்ற வாதம் தொடங்கிவிடும்; மழையில் டிஸ்க் மேலானது என்பதோடு அதை முடித்துக்கொள்ளலாம். விரல் எட்டுகிறதா என்பதே அதைவிட முக்கியம். ஒரு முறை ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்மணி, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுத்தான் பிரேக்கைப் பிடித்தார். வண்டி ஆடியது, அவருக்குத் தைரியமில்லை என்று உடன் வந்தவர்கள் முடிவு கட்டினார்கள். பிரேக் நெம்புகோலின் உட்புறத்தில், கைப்பிடிக்கு அருகே, எள்ளைவிடச் சற்றுப் பெரிய ஒரு திருகு இருந்தது. மெல்லிய ஆலன் சாவியால் அதை மூன்று சுற்றுத் திருப்பி நெம்புகோலைக் கைப்பிடிக்கு அருகில் கொண்டுவந்ததும், அவருடைய இரண்டு விரல்கள் அதன்மேல் இயல்பாகப் படிந்தன; அன்று மாலையே தனியாக ஓட்டினார். வண்டியை விற்றவர் அந்தத் திருகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு மாதத் தயக்கம் இல்லாமல் போயிருக்கும். ஒரு கையில் மட்டும் பலமுள்ளவர்களுக்கு ஒரே நெம்புகோலால் இரு சக்கரங்களையும் நிறுத்தும் அமைப்பு உண்டு. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் கோஸ்டர் பிரேக் கைகளுக்கு வேலையே வைக்காது. ஆனால் கிளம்புவதற்கு வசதியாகப் பெடலைப் பின்னால் சுற்றி உயர்த்திக்கொள்ள அதில் இயலாது என்பதால் நான் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன்.

மின்துணை வண்டிகள் சோம்பேறிகளுக்கானவை என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. இதயநோய்க்குப் பின் மீள்பவரும், மேட்டின் உச்சியில் வசிப்பவரும், குழந்தையை ஏற்றிச் செல்பவரும் அந்தப் பேச்சைக் கேட்டு வண்டியை விட்டுவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, சாதாரண மிதிவண்டியாகக் கருதப்படும் மின்துணை வண்டியின் மோட்டார் 250 வாட் திறனுக்குள் இருக்க வேண்டும். மிதித்தால் மட்டுமே உதவ வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவியை நிறுத்திவிட வேண்டும். இவ்வகையில் வாங்குபவர் பார்க்க வேண்டியது, நாம் மிதிப்பதை மோட்டார் எப்படி உணர்கிறது என்பதை. பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார், அரைச் சுற்றுக்குப் பின் திடீரென்று முழு வேகத்தில் தள்ளும். நெரிசலில் மெல்லக் கிளம்ப வேண்டியவருக்கு இது ஆபத்து. மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார், மென்மையாக மிதித்தால் மென்மையாகவே உதவும். சமநிலையில் சந்தேகமுள்ளவர் டார்க் சென்சார் இல்லாத மின்துணை வண்டியை வாங்கக் கூடாது. எடை 20 கிலோவைத் தாண்டுவது இவற்றில் சாதாரணம். படியேற்ற வேண்டிய வீட்டில் அதுவே வண்டியை முடக்கிவிடும். நடந்து தள்ளும்போது மெதுவாக உதவும் வசதி பல வண்டிகளில் உண்டு, சரிவுப் பாதை இருந்தால் அது பெரிய துணை.

மடக்கு வண்டி, வைக்க இடமில்லாதவர்களுக்கும் ரயிலேறுபவர்களுக்கும் உரியது. சட்டகம் இயல்பாகவே தாழ்ந்திருப்பதால் ஏற இறங்க மிக எளிது. சிறிய சக்கரம் குழிகளை முழுதாக உணர்த்தும்.

இனி மூன்று சக்கரங்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று நிமிர்ந்து உட்காரும் மூன்று சக்கர வண்டி நிற்கும்போது விழாது, ஏற இறங்கச் சமநிலை தேவையில்லை, முன்னும் பின்னும் நகராமல் நிறுத்திவைக்கும் பிரேக் பூட்டு மட்டும் இருந்தால் போதும். திரும்பும்போதுதான் அது தன் குணத்தைக் காட்டும். இருசக்கர வண்டி திருப்பத்தில் உள்நோக்கிச் சாயும், இது சாயாது. உயரமான இருக்கையில் அமர்ந்தபடி வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். மேலும், இருசக்கர வண்டியில் பழகியவருடைய உடல், சாய்ந்தே திரும்பப் பார்க்கும். சாலை ஓரமாகச் சரிந்திருந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுப்பதாகத் தோன்றி மிரள்வார். மிதிவண்டியையே தொட்டிராதவர் ஹேண்டில்பாரைத் திருப்பினால் வண்டி திரும்பும் என்று எடுத்துக்கொண்டு இயல்பாக ஓட்டிவிடுகிறார். ஆகவே, நாற்பது ஆண்டுகள் ஓட்டியவர் பக்கவாதத்துக்குப் பின் இதற்கு மாறினால், முதல் அரை மணி நேரம் தடுமாறுவதைக் கண்டு மனம் விட்டுவிடக் கூடாது. வெறிச்சோடிய மைதானத்தில் சில நாட்கள் நடைவேகத்தில் ஓட்டினால் பழகிவிடும்.

முன்னால் இரு சக்கரங்களும் பின்னால் ஒன்றும் கொண்டு, சாய்ந்து அமர்ந்து காலை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டி திருப்பங்களில் மிக உறுதியானது. முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் சுமையே இல்லை. இருக்கை தரைக்கு மிக அருகில் இருப்பதால், அதிலிருந்து எழுந்திருக்க முழங்காலும் இடுப்பும் ஒத்துழைக்க வேண்டும் என்பதை வாங்குவோர் மறந்துவிடுகிறார்கள். ஓட்டுவதில் சிறந்ததாக இருந்தும் என் அளவுகோலில் இது பின்தங்குவது அதனால்தான்; இருக்கை உயர்ந்த மாதிரிகள் கிடைத்தால் அவற்றையே பார்க்க வேண்டும். சாய்வு வண்டிகள் அரிதாகவே இருப்பதற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர் இத்தகைய இருசக்கர வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே சர்வதேச மிதிவண்டிச் சங்கம் அந்த வடிவத்தைப் போட்டி விதிகளுக்கு வெளியே தள்ளியது. பந்தயத்துக்காக எழுதிய விதி, கடைகளில் எது மிதிவண்டியாகத் தோன்ற வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிட்டது.

கால்களைப் பயன்படுத்த இயலாதவர்களுக்குக் பெடலைக் கையால் சுற்றி ஓட்டும் கைவண்டியும், பார்வையற்றவர்களுக்கு முன்னால் பார்வையுள்ளவர் ஓட்டும் இருவர் வண்டியும் உள்ளன. பாராலிம்பிக் போட்டிகளில் இவற்றுக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் தனித்தனிப் பிரிவுகளே உண்டு. சக்கர நாற்காலியின் முன்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் கைவண்டியில், நாற்காலியிலிருந்து இடம் மாற வேண்டிய தேவையே இல்லை என்பதால், அன்றாடத்துக்குத் தனிக் கைவண்டியைவிட அதையே தேர்ந்தெடுப்பேன்.

இவற்றையெல்லாம் சரியாகத் தேர்ந்தெடுத்த பின்பும், வீதி அந்தத் தேர்வை வீணாக்கிவிடலாம். மோட்டார் வாகனங்களைத் தடுக்கப் பாதையின் வாயிலில் நட்ட தூண்கள், நெளிந்து நுழைய வேண்டிய கம்பித் தடுப்புகள், படிக்கட்டோடு முடியும் பாலங்கள் ஆகிய எல்லாம் இருசக்கர வண்டியைத் தூக்கிச் செல்லக் கூடிய ஒருவரைக் கற்பனை செய்து கட்டப்பட்டவை. இங்கிலாந்து அரசு 2020இல் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி, 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட வண்டியை அளவாக வைத்துப் பாதை அமைக்க வேண்டும் என்றும், தூண்களுக்கிடையே 1.5 மீட்டர் விட வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்று சக்கர வண்டி நுழையும் இடத்தில் சரக்கு மிதிவண்டியும் நுழையும், பிள்ளைகளை இழுத்துச் செல்லும் டிரெய்லரும் நுழையும். லண்டனில் இயங்கும் 'வீல்ஸ் ஃபார் வெல்பீயிங்' என்ற அமைப்பு, மிதிவண்டியை நடமாட்டத் துணைக்கருவியாக ஏற்க வேண்டும் என்று வாதாடி வருகிறது. நடக்க முடியாத பலரால் ஓட்ட முடியும். 'இறங்கித் தள்ளிச் செல்லவும்' என்ற பலகை அவர்களுக்கு 'உள்ளே வராதீர்' என்றே பொருள்படுகிறது. மிதிவண்டிக் குழுக்களும் இதைக் கவனிக்க வேண்டும். அகலமான வண்டி போகும் பாதையையும் மெதுவாக ஓட்டுபவரின் வேகத்தையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டால், வர நினைப்பவர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

கடைக்குப் போகும் நாளில், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் பத்து முறை ஏறி இறங்குங்கள். வழக்கமாகத் தூக்கிச் செல்லும் பையை மாட்டிக்கொண்டு, வழக்கமான உடையிலும் செருப்பிலும். பிறகு இருபது அடி ஓட்டி நிறுத்துங்கள், மீண்டும் கிளம்புங்கள், இதையும் பத்து முறை. எட்டாவது முறையில் முழங்காலோ மணிக்கட்டோ முணுமுணுத்தால் அது உங்கள் வண்டியல்ல. இதுவரை ஓட்டத் தெரியாதவராயின் இரண்டு பெடல்களையும் கழற்றி, சீட்டைத் தாழ்த்தி, கால்களால் உந்தியே சமநிலையைப் பழகலாம். இடது பெடலின் மரை எதிர்ப்புறமானது, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். அகலமான வண்டியை வாங்குவதாக இருந்தால் கையில் அளவுநாடாவோடு உங்கள் வழியை ஒரு முறை நடந்தோ, நடக்க முடியாதவர் வேறொருவரை அனுப்பியோ, மிகக் குறுகிய இடங்களை அளந்துவிடுங்கள். வண்டி நுழையாத தூணின் குறுக்கே நாடாவைப் பிடித்து, எண் தெரியும்படி படமெடுத்து, அந்தச் சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு வண்டியின் அகலத்தையும் குறிப்பிட்டு அனுப்பிவையுங்கள்.